பழைய காருக்கு உயிர் எங்கே இருக்கிறது?



தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு லேண்ட் ரோவர் மறந்திருக்காது. துரை ஏறி வந்த வண்டி. செம்மண் சாலையில் அதன் சத்தம் கேட்டாலே காட்டில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து பார்த்த காலம் ஒன்று இருந்தது. துரைமார்கள் போய்விட்டார்கள். தோட்டங்கள் பலவும் கைமாறிவிட்டன. அந்த வண்டிகளில் சில மட்டும் ஏதோ ஒரு வீட்டுக் கொல்லையில், கொடி படர்ந்து, கோழி அடைகாக்கும் இடமாக இன்னும் நிற்கின்றன. உடம்பு அலுமினியத் தகடு என்பதால் மேலே பார்த்தால் அவ்வளவு மோசமாகத் தெரியாது. குனிந்து அடியில் பார்த்தால்தான் விஷயம் புரியும். அடியில் இருப்பது இரும்பு. அதுவும் நம் நாட்டு மழைக்கும் ஈரத்துக்கும் பல பத்தாண்டுகள் முகம் கொடுத்த இரும்பு.

இப்படி ஒரு வண்டியை ஒருவர் வாங்கிப் பட்டறைக்குக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளே மணலைப் பீய்ச்சி துருவை எடுக்கச் சொல்வார். பளபளவென்று சாயம் பூச வேண்டும், அடுத்த பெருநாளுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. விவரம் தெரிந்த பட்டறைக்காரர் அப்போது என்ன சொல்வார் தெரியுமா? "அண்ணே, கொஞ்சம் பொறுங்க. இது எந்த வண்டின்னு முதல்ல பார்ப்போம்." இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

சேசி என்கிறோமே, அதுதான் காரின் அடிச்சட்டம். முன்னிருந்து பின்வரை நீளும் இரண்டு இரும்புச் சட்டங்கள், இடையிடையே குறுக்குச் சட்டங்கள். ஏணியைத் தரையில் படுக்க வைத்ததுபோல் இருக்கும். இஞ்சின், கியர் பாக்ஸ், சக்கரங்களின் அச்சு, பட்டை ஸ்பிரிங் எல்லாம் இந்த ஏணியில்தான் தொங்குகின்றன. உடம்பு அதன் மேல் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். எல்லாக் காருக்கும் இது உண்டு என்று எண்ண வேண்டாம். லேண்ட் ரோவர் வெளிவந்த அதே 1948ஆம் ஆண்டில்தான் மோரிஸ் மைனரும் வந்தது. அந்த மோரிஸ் மைனருக்குத் தனிச் சேசி கிடையாது. உடம்பே அதன் எலும்புக்கூடு. இன்றைய கார்களில் பெரும்பாலானவை அந்த வழியில் செய்யப்பட்டவைதான்.

ஆனால் 1920களிலும் 30களிலும் பெரிய கார் என்றால் முதலில் சேசிதான். பென்ட்லி போன்ற நிறுவனங்கள் இஞ்சினும் சக்கரமும் பூட்டிய வெறும் சேசியைத்தான் விற்றன. வாங்கியவர் அதை வண்டிக்கூடு கட்டும் வேறொரு நிறுவனத்திடம் கொண்டுபோய்த் தம் விருப்பத்துக்கு உடம்பு கட்டிக்கொள்வார். பத்து ஆண்டு கழித்து அந்த உடம்பு பிடிக்காவிட்டால் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்று கட்டுவார். ஆகவே உடம்பை வைத்து ஒரு காரை அடையாளம் காண முடியாது. சேசியில் அடித்த எண்தான் அதன் பெயர். இந்தப் பழக்கம்தான் இன்றுவரை தொடர்கிறது. வாகனத்தைப் பெயர் மாற்றும்போது சேசி எண்ணைப் பார்த்துவிட்டுத்தானே நம் இலாகாவும் மறுவேலை பார்க்கிறது?

சரி, அப்படியானால் சேசியே மாறிவிட்டால்? அந்தக் கார் அதே கார்தானா?

விளையாட்டுக்குக் கேட்கும் கேள்வியல்ல இது. 1990ஆம் ஆண்டு இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்தில் இதே கேள்வி வழக்காக நின்றது. வழக்கில் சிக்கிய தொகை 1 கோடி பவுண்டு.

அந்தக் காரின் பெயர் 'ஓல்ட் நம்பர் ஒன்'. பென்ட்லி நிறுவனத்தின் 'ஸ்பீட் சிக்ஸ்' வகைப் பந்தயக் கார். பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929ஆம் ஆண்டு முதலாவதாக வந்தது. அன்று அதை ஓட்டியவர்கள் வுல்ஃப் பர்னாட்டோவும் சர் ஹென்றி பிர்கினும். மறு ஆண்டு, 1930இல், பர்னாட்டோவும் கிளென் கிட்ஸ்டனும் ஓட்ட, மறுபடியும் அதே கார் முதலாவது. ஒரே கார் அடுத்தடுத்து இரண்டு ஆண்டு லெ மானை வெல்வது சாதாரணக் காரியமா? பென்ட்லி என்ற பெயருக்கே அந்தக் கார் ஒரு கொடியாகிவிட்டது.

பந்தயக் கார் என்றால் ஒரு பந்தயத்துக்கும் மறு பந்தயத்துக்கும் இடையில் பிரித்து மேய்ந்துவிடுவார்கள். தேய்ந்தது போகும், புதியது வரும். நெளிந்த சட்டத்தை மாற்றுவார்கள். பெரிய இஞ்சின் கிடைத்தால் அதை ஏற்றுவார்கள். ஜெயிப்பதுதான் வேலையே தவிர, அறுபது ஆண்டுக்குப் பிறகு யாரோ ஒருவர் வந்து "இது பழைய ஆணியா?" என்று கேட்பார் என்று அன்று யார் நினைத்தார்கள்? 1932ஆம் ஆண்டு வந்தபோது இந்தக் காரில் 8 லிட்டர் இஞ்சின் ஏறியிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் தடத்தில் 500 மைல் பந்தயம். கிளைவ் டன்ஃபி என்பவர் ஓட்டினார். சாய்வாகக் கட்டிய தடத்தின் மேல் விளிம்பைத் தாண்டிக் கார் வெளியே போய் விழுந்தது. டன்ஃபி அந்த இடத்திலேயே உயிரிழந்தார்.

காரைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது. இரண்டு வெற்றிகள் மட்டும் அல்ல, ஓர் உயிர் போனதும் அந்தக் காரின் வரலாறுதான்.

அதன் பிறகு பந்தயத்துக்குப் போகாமல், கூரை போட்ட சாலைக் காராக அது மாற்றிக் கட்டப்பட்டது. பல ஆண்டுகள் கழிந்தன. கடைசியாக வைத்திருந்தவர் பழைய பந்தயக் கோலத்தில் மறுபடியும் உடம்பு கட்டினார். 1990இல் ஒரு நிறுவனம் 1 கோடி பவுண்டுக்கு அதை வாங்க ஒப்புக்கொண்டது. பிறகு வாங்குபவர் தரப்பு பின்வாங்கியது. "இது அந்த ஓல்ட் நம்பர் ஒன் அல்ல. லெ மானில் ஓடிய காரில் இதில் ஏதும் மிச்சமில்லை" என்பது அவர்கள் வாதம். விற்றவர் நீதிமன்றம் போனார்.

நீதிபதி ஆட்டன் அந்தக் காரை ஓர் உடற்கூறு பரிசோதனைபோல ஆராய வேண்டியதாயிற்று. நிபுணர்கள் வந்தார்கள். ஒவ்வொரு பாகமும் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று கணக்கெடுக்கப்பட்டது. முடிவு என்ன? 1929இல் வென்ற காரைச் சேர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல, ஆண்டு கணிக்க முடியாத சில சில்லறைப் பொருத்துகளைத் தவிர, ஒன்றுமில்லை. 1930இல் வென்ற காரிலிருந்து மிச்சம் மூன்றே மூன்று: கால் மிதிகளின் தண்டு, கியர் பாக்ஸின் கூடு, ஸ்டியரிங் தண்டு. சேசியோ, அச்சுகளோ, பிரேக்கோ, இஞ்சினோ, எல்லாம் 1932ஆம் ஆண்டுக் காரைச் சேர்ந்தவை. அதாவது, காரின் பெயர் என்று நாம் சொன்ன அந்தச் சேசியே இடையில் மாறியிருந்தது.

இவ்வளவும் கேட்டபின் தீர்ப்பு வாங்குபவர் பக்கம்தான் போகும் என்று யாரும் நினைப்பார்கள். போகவில்லை. விற்றவர்தான் வென்றார்.

நீதிபதி சொன்ன காரணம் யோசிக்கத் தக்கது. பாகங்கள் எல்லாம் ஆதியில் இருந்தவை என்ற பொருளில் இதை 'மூலக் கார்' என்று சொல்ல முடியாது என்றார். அதே மூச்சில், இது போலிக் காரும் அல்ல, செத்ததை மறுபடி எழுப்பியதும் அல்ல என்றார். புதிய பாகங்கள் ஒரே நாளில் வந்து குவியவில்லை. ஒவ்வொன்றாக, பந்தயம் பந்தயமாக வந்து, இருக்கிற காரோடு சேர்ந்து ஒன்றாகிவிட்டன. எந்த ஒரு நாளிலும் அந்தக் கார் இல்லாமல் போகவில்லை. அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட வேறொரு காரும் உலகத்தில் இல்லை. ஆகவே இதுவே உண்மையான ஓல்ட் நம்பர் ஒன் என்பது அவர் கண்ட முடிவு.

நமக்கு இது புதிய யோசனையா? கோயில் தேருக்கு அச்சு மாற்றுகிறோம், சக்கரம் மாற்றுகிறோம், உளுத்துப்போன மரத்தை எடுத்துவிட்டுப் புதுமரம் சேர்க்கிறோம். அது வேறு தேர் என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. அது வேறு தேராகிவிடும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. கழற்றிய பழைய மரங்களை வைத்து இன்னொருவர் இன்னொரு தேர் கட்டி, "இதுதான் அந்தப் பழைய தேர்" என்று வீதிக்குக் கொண்டுவந்தால்? அப்போது தெருவில் இரண்டு தேர் நிற்கும். பழைய கார் உலகில் இது உண்மையாகவே நடக்கிறது. ஒரு காரின் சேசி ஒருவரிடம் போகிறது, இஞ்சினும் எண் தகடும் இன்னொருவரிடம் போகின்றன. இருவரும் மீதியைப் புதிதாகச் செய்து சேர்க்கிறார்கள். ஒரே எண்ணில் இரண்டு கார்கள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை, ஆனால் இரண்டும் உண்மையாகவும் முடியாது. இங்கிலாந்தின் வாகனப் பதிவு அலுவலகம் இத்தகைய குழப்பத்துக்காகப் பல ஆண்டுகள் ஒரு மதிப்பெண் முறையை வைத்திருந்தது. பெருமளவு மாற்றிக் கட்டிய வாகனம் பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ள 8 மதிப்பெண் வேண்டும். அதில் இஞ்சினுக்கு 1 மதிப்பெண்தான். சேசிக்கு 5. எது எலும்பு, எது சட்டை என்று அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

இப்போது நம் கொல்லைப்புற லேண்ட் ரோவருக்குத் திரும்புவோம். பட்டறைக்காரர் பொறுக்கச் சொன்னாரே, அந்தப் பொறுமையில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் எதையும் கழுவாமல் படம் எடுக்க வேண்டும். எல்லாப் பக்கமும், அடிப்பக்கமும். பிறகு எண்ணைத் தேட வேண்டும். இஞ்சினுக்கும் ஓட்டுநர் காலுக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரில் ஒரு சிறு தகடு இருக்கும். பலர் அதைப் பார்த்தவுடன் திருப்தி அடைந்துவிடுவார்கள். தகட்டுக்கு என்ன, நாலு ஆணிதானே? எந்த வண்டியிலிருந்தும் எடுத்து எந்த வண்டியிலும் அடிக்கலாம். நம்ப வேண்டியது இரும்பிலேயே அடித்த எண்ணை. பெரும்பாலும் முன்பக்கம், பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடத்தை ஒட்டியோ, இஞ்சின் உட்காரும் இடத்தை ஒட்டியோ அது இருக்கும். மேலே எண்ணெய்ப் பிசுக்கும் பழைய சாயமும் அரை அங்குலத்துக்கு ஏறியிருக்கும். கரைப்பானைத் தடவித் துணியால் மெதுவாகத் துடைக்க வேண்டும். மணலைப் பீய்ச்சினால் துருவோடு எண்ணும் போய்விடும். இந்த ஒரு தவற்றால் பெயரில்லாமல் போன வண்டிகள் உண்டு. வண்டிக்காரர் காசு கொடுத்துத் தம் வண்டியின் பெயரைத் தாமே அழித்துக்கொள்கிறார்.

எண் தெரிந்ததும் அதை உற்றுப் பார்க்க வேண்டும். பழைய எண்கள் ஒவ்வோர் எழுத்தாகச் சுத்தியலால் தட்டி அடித்தவை. கொஞ்சம் ஏறி இறங்கித்தான் இருக்கும். நேர்க்கோட்டில், ஒரே ஆழத்தில், அழகாக இருந்தால் மகிழ்ச்சி அடைவதற்குப் பதில் சந்தேகப்பட வேண்டும். சுற்றிலும் தேய்த்த தடம் இருக்கிறதா, வெல்டிங் வைத்து நிரப்பியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

எண் முழுதும் தேய்ந்துவிட்டால்? அப்போதும் ஒரு வழி உண்டு. எண்ணை அடிக்கும்போது அதற்குக் கீழேயுள்ள இரும்பும் நசுங்கி இறுகிப் போகிறது. மேற்பரப்பைத் தேய்த்து எடுத்தாலும் நசுங்கிய பகுதி உள்ளே அப்படியே இருக்கும். அந்த இடத்தைப் பளபளப்பாக்கி அமிலக் கலவையைத் தடவினால், நசுங்கிய இரும்பு ஒருவிதமாகவும் நசுங்காத இரும்பு வேறுவிதமாகவும் அரிக்கும். அழிந்த எண் மங்கலாக எழும்பி வரும். திருட்டு வாகனங்களைக் கண்டுபிடிக்க காவல்துறை ஆய்வகங்கள் செய்வதும் இதைத்தான். ஆனால் மிக ஆழமாகத் தேய்த்துவிட்டால் ஒன்றும் வராது.

எண்ணுக்கு அப்பாலும் சேசி பேசும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே எத்தனை அங்குலம்? முதலில் வந்த லேண்ட் ரோவருக்கு அது 80. பிறகு வந்தவற்றில் அது கூடியது. எந்தப் பாகமும் மாட்டாமல் சும்மா இருக்கும் துளைகளைக்கூட விடக்கூடாது. அங்கே முன்பு ஏதோ ஒன்று மாட்டியிருந்தது என்று பொருள். இவற்றையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு, தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் பல பிரிட்டிஷ் கார்களின் உற்பத்திப் பதிவேடுகளைக் காத்து வைத்திருக்கிறது. எண்ணைக் கொடுத்தால், அந்த வண்டி எப்போது கட்டப்பட்டது, எங்கே அனுப்பப்பட்டது என்பதைச் சான்றிதழாகத் தருகிறார்கள்.

2018இல் இதற்கு நல்ல உதாரணம் ஒன்று வெளிவந்தது. லேண்ட் ரோவர் 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில்தான் முதன்முதலாக உலகத்துக்குக் காட்டப்பட்டது. அன்று நின்ற வண்டிகளில் ஒன்று எங்கே போனது என்று நெடுங்காலம் தெரியாமலிருந்தது. கடைசியில் அது கிடைத்த இடம் எது? அதைக் கட்டிய சொலிஹல் தொழிற்சாலையிலிருந்து சில மைல் தூரத்தில், ஒரு வீட்டுத் தோட்டத்தில்! நிறுவனத்தின் நிபுணர்கள் பல மாதம் பழைய ஆவணங்களைப் புரட்டி, யார் யார் கைக்குப் போனது என்று உறுதி செய்த பிறகுதான் பழுதுபார்க்கும் வேலையைத் தொடங்கினார்கள். அதைக் கட்டிய நிறுவனத்துக்கே அந்தப் பொறுமை தேவைப்பட்டது.

அடையாளம் உறுதியான பிறகு சீரமைப்பு. அதைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அது கைவேலை, வாயால் சொல்லித் தீராது. சேசியைச் சமமான தாங்கிகளில் ஏற்ற வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டுதான் இங்கேயும் கருவி. குறிப்பிட்ட புள்ளிகளிலிருந்து குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் குறியிட்டு, மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால், சட்டம் கோணலா நேரா என்று தெரிந்துவிடும். விரிசலைக் கண்டுபிடிக்கப் பழைய பட்டறைக்காரர்களின் உபாயம் ஒன்று உண்டு. மண்ணெண்ணெயைத் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சுண்ணப்பொடியைத் தூவிவிடுவார்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைப் பொடியில் கோடு போட்டுக் காட்டிவிடும். செலவு ஒரு வெள்ளிகூட ஆகாது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய சேசிகள் பல, பழுக்கக் காய்ச்சிய ரிவிட் ஆணிகளால் இணைக்கப்பட்டவை. சாலைக்கு ஏற்ப அவை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். "நான் பலமாகவே செய்து தருகிறேன்" என்று ஒருவர் எல்லா இணைப்பையும் வெல்டிங் வைத்துவிட்டால், வளைய வேண்டிய இடம் வளையாது. வெல்டிங் ஓரத்திலேயே புதிய விரிசல் விழும். லேண்ட் ரோவர் கதை வேறு. அதன் சட்டம் நாலு தகட்டை வெல்டிங் செய்து பெட்டிபோல் கட்டியது. அது உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே சாயம் அழகாக இருக்க, உள்ளே ஒன்றும் இராது. சுத்தியலால் தட்டிக் கேட்டால்தான் தெரியும். அரித்த பகுதியை மட்டும் வெட்டி, அதே கனமுள்ள தகட்டை வைத்துப் பற்றவைத்து, உள்ளே மெழுகு பீய்ச்சினால் காப்பாற்றிவிடலாம். முற்றாக அரித்திருந்தால் துத்தநாகம் பூசிய புதுச் சேசி வாங்கலாம். தவறில்லை. ஆனால் புதுச் சேசி போட்டதை எழுதி வைக்க வேண்டும், இலாகாவிலும் முறைப்படி சொல்ல வேண்டும். எண் இருக்கும் பழைய துண்டை வெட்டிப் புதியதில் ஒட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் தவறு. பழைய வாகனங்களுக்கான அனைத்துலகச் சம்மேளனம் 2012இல் ஏற்ற டூரின் சாசனமும் மாற்றிய பாகத்தை மறைக்காதே, குறித்து வை என்றுதான் கேட்டுக்கொள்கிறது.

கடைசியாக ஒரு கார். அதை யாரும் சீரமைக்கவில்லை.

சுவிட்சர்லாந்தின் அஸ்கோனா ஊரை ஒட்டிய மஜோரே ஏரியில், 50 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், ஒரு புகாட்டி கிடந்தது. 1925ஆம் ஆண்டுக் கார். சுங்க வரி கட்டாததால் அது 1930களில் ஏரியில் இறக்கப்பட்டது என்பது அங்கே வழங்கும் கதை. 1967இல் முக்குளிப்பவர் ஒருவர் அதைக் கண்டார். அதன் பிறகு நாற்பது ஆண்டுக்கும் மேலாக அந்த வட்டார முக்குளிப்பாளர்கள் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்களே தவிர, தூக்கவில்லை. 2008இல் அவர்களுக்குத் தெரிந்த ஓர் இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் நினைவாக, இளையோர் வன்முறைக்கு எதிராக ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. அதற்குப் பணம் திரட்டத்தான் 2009 ஜூலையில் அந்தக் காரை மேலே தூக்கினார்கள்.

சேற்றில் புதைந்திருந்த பக்கம் ஓரளவு தப்பியிருந்தது. தண்ணீர்ப் பக்கம் அரித்துக் கூடாகிவிட்டது. 2010 ஜனவரியில் பாரிஸ் ஏலத்தில் 2 லட்சத்து 60 ஆயிரத்து 500 யூரோவுக்குப் போனது. ஏலத்தில் எடுத்தவர் அமெரிக்கச் சேகரிப்பாளர் பீட்டர் முல்லின். அவரிடம் பணம் இருந்தது, புகாட்டியைப் புதிதுபோல் ஆக்கித் தரும் கைகளும் உலகில் இருந்தன. அவர் கலிஃபோர்னியாவில் தாம் நடத்திய அருங்காட்சியகத்தில் அதை ஏரியிலிருந்து வந்த கோலத்திலேயே, துருவோடும் ஓட்டையோடும், வைத்தார். அதைச் செப்பனிட்டிருந்தால் உலகில் இன்னொரு நல்ல புகாட்டி கிடைத்திருக்கும். ஏரியில் எழுபது ஆண்டுக்கும் மேலாகக் கிடந்த, ஓர் இளைஞருக்காக மேலே வந்த கார் இல்லாமல் போயிருக்கும்.